ஆறோடு ஒரு கல்

“நான் கதவைத் திறக்கும் நாளில் அவள் கதவு ஒருமுறைகூடத் திறப்பதில்லை, அம்மா. எண்களுக்கு என்மேல் என்ன பகை?”

மாதங்கி கேட்டாள்.

மடத்தில் எல்லாரும் அம்மா என்றழைக்கும் குரு முற்றத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த மடத்தில் தனிமை நோன்பு ஏற்றவர்கள் அறைக்குள்ளேயே இருப்பார்கள். மாதங்கி ஆறு நாளுக்கு ஒருமுறை வெளியே வருவாள். அடுத்த அறையிலிருக்கும் அலர்மேலு நான்கு நாளுக்கு ஒருமுறை. மற்ற நாள்களில் எவரோடும் பேச்சில்லை. செய்தி சொல்லி அனுப்பவும் கூடாது.

“பார்த்து என்ன செய்யப் போகிறாய்?”

“மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லார் முன்னாலும், ‘உன் பாட்டில் சுருதியே இல்லை’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் பாடுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அடுத்த மாதம் வடக்கே போகிறாளாம். திரும்புவாளோ, மாட்டாளோ.”

“நோன்பு நாளைக் குறைக்க முடியாது.”

“கூட்டலாமே? எட்டாக்கட்டுமா? பத்தாக?”

“வைத்துப் பார்.”

மாதங்கி முப்பது கூழாங்கற்களை வரிசையாக அடுக்கினாள். நாளைய தினம் முதல் கல். நாளை அலர்மேலுவின் கதவு திறக்கும். ஒன்று, ஐந்து, ஒன்பது என்று அவளுடைய கற்களின்மேல் கீரை இலைகளை வைத்துக்கொண்டே போனாள்.

பிறகு தன் நாள்களைத் தொட்டாள். எட்டு, பதினாறு, இருபத்துநான்கு. இலை இல்லை.

பத்து, இருபது, முப்பது. இலை இல்லை.

குரு தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“உன் ஆறோடு இதைச் சேர்.”

“ஏழா? எட்டுக்கும் பத்துக்கும் அகப்படாதவள் ஏழுக்கா அகப்படுவாள்?”

“இலைகள் எந்தக் கற்களின்மேல் இருக்கின்றன?”

“ஒற்றைக் கற்களின்மேல்.”

“ஆறும் எட்டும் பத்தும்?”

“இரட்டை...” மாதங்கி நிமிர்ந்தாள். “நான்கை இரண்டு வகுக்கும். ஆறையும் இரண்டு வகுக்கும். நூறு வருடம் நடந்தாலும் நான் இரட்டையைவிட்டு நகர மாட்டேன், அவள் ஒற்றையைவிட்டு நகர மாட்டாள்!”

விரல் பரபரத்தது. ஏழு. இல்லை. பதினான்கு. இல்லை. இருபத்தொன்று.

இலை இருந்தது.

“அம்மா!”

அவள் நிற்கவில்லை. எல்லா இலைகளையும் ஒவ்வொரு கல் தள்ளி வைத்தாள். பதினான்கில் சந்தித்தது. இன்னும் ஒரு கல் தள்ளினாள். ஏழில் சந்தித்தது. மறுபடியும் தள்ளினாள். இருபத்தெட்டில்.

“எங்கே தொடங்கினாலும் இனி அவள் தப்ப முடியாது!”

“கீரை வாடுகிறது. கொடு,” என்றார் குரு.

இருபத்தொன்றாம் நாள் விடியுமுன் மாதங்கி கதவைத் திறந்தாள்.

எதிரே அலர்மேலு நின்றிருந்தாள்.

“நீ வெளியே வரவேண்டிய ஆறாம் நாளே வந்து நின்றேன்,” என்றாள் அலர்மேலு. “உன் கதவு சாத்தியிருந்தது. எண்ணத் தெரியாத மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.”

“ஆறாம் நாள் நீ எப்படி வெளியே வந்தாய்? உனக்கு நான்கு நாள் கணக்கல்லவா? ஒன்று, ஐந்து, ஒன்பது...”

அலர்மேலு உள்ளங்கையை விரித்தாள். ஒரு கூழாங்கல்.

மாதங்கியும் தன் கையை விரித்தாள்.

“அடிப் பாவி! நீயும் போய்க் கேட்டாயா?”

“நீ கேட்ட மறுநாளே.”

மாதங்கி விரல் விட்டாள். “ஒன்று, ஆறு, பதினொன்று, பதினாறு, இருபத்தொன்று! ஐந்து வைத்தாலும் இருபத்தொன்று! அலர்மேலு, அன்றைக்கு நான்...”

“முதலில் கேள். சுருதி சேர்கிறதா என்று பிறகு சொல்.”

அலர்மேலு பாடத் தொடங்கினாள்.