தொண்ணூற்றாறு ஞாயிற்றுக்கிழமைகள்

இது எந்தக் கோர்ட்டுக்கும் போகாத வழக்கு. ஆகவே கேட்கிறவர்கள்தான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

கோயம்புத்தூரில் பம்பு வார்ப்படங்கள் செய்யும் ஃபவுண்டரி ஒன்றில் முப்பிடாதி வேலை பார்த்தாள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சோதனைக்கூடத்தில் சேர்ந்தவள். வார்ப்பு மணலில் ஈரம் எவ்வளவு, உருகிய இரும்பில் கரி எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. அவள் தலையசைக்காமல் உலையிலிருந்து ஒரு சொட்டு இரும்பு ஊற்ற மாட்டார்கள். ஆனாலும் சோதனைக்கூடத்தின் தலைமைப் பதவி காலியானபோது அது மூன்று வருஷமே வேலை பார்த்த ஒருவருக்குப் போயிற்று.

"அவரு காலேஜுக்குப் போய்ப் படிச்சவருங்கம்மா. நீங்க கரஸ்தானுங்களே?" என்றார் மேலாளர்.

உண்மைதான். வேலைக்குப் போய்க்கொண்டே தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தாள். ஈரோட்டில் இருந்த படிப்பு மையத்தில், பாடம் நடக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் செய்முறை வகுப்பு இருக்கும். மூன்று வருஷத்தில் தொண்ணூற்றாறு வகுப்புகள். காய்ச்சலோடு போன நாள் உண்டு, போகாத நாள் இல்லை. அவளை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பிச் சமைத்து, மகளுக்குத் தலை பின்னியவன் கணவன் சுடலைமுத்து. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர்.

மேலாளரின் சொல் அவளுக்கு உள்ளே போய்க் குத்திற்று. வெளிநாடு போய்விடுவது என்று புருஷனும் பெஞ்சாதியுமாக முடிவு செய்தார்கள். திறமையான வேலைக்காரர்களைக் குடியேற அழைக்கும் நாடு ஒன்று இருந்தது. வயது, மொழி, அனுபவம், படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே புள்ளி போடுவார்கள். தேற அறுபத்தைந்து வேண்டும். வகுப்பறையில் படித்த பட்டம் என்றால் அவளுக்கு அறுபத்தாறு. தொலைதூரப் பட்டத்தை டிப்ளமோவுக்குச் சமமாகத்தான் எடுப்பார்கள், அப்படியென்றால் அறுபத்தொன்று. பட்டச் சான்றிதழில் 'தொலைதூரம்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் 'கற்ற முறை' என்று ஒரு கட்டம் இருந்தது.

முப்பிடாதி தனக்குச் செய்முறை வகுப்பு எடுத்த ஞானசிகாமணி சாரைத் தேடிப் போனாள். அவர் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நீ வந்ததையும் நான் சொல்லிக் குடுத்ததையும் எழுதித் தாரேன்மா. அதுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

தொண்ணூற்றாறு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், நேருக்கு நேர் கற்பித்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். படிப்பு எந்த முறையைச் சேர்ந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கடிதத்தோடு சேர்க்க முப்பிடாதி தன் கைப்பட ஒரு தாள் எழுதினாள். 'நான் படித்தது தொலைதூரக் கல்விதான். ஆனால் இத்தனை நாள் நேரில் கற்றிருக்கிறேன். தயவுசெய்து பரிசீலியுங்கள்.' ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால், விண்ணப்பத்தை நிரப்பி எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பும்படி கணவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தான்.

நான்கு மாதத்தில் பதில் வந்தது. அறுபத்தாறு புள்ளி, குடியேற அனுமதி உண்டு. தன் தாளைப் படித்துப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள் என்றே முப்பிடாதி நினைத்தாள். சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். சுடலைமுத்து பதினாலு வருஷ மில் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். மறு வாரமே அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

மருத்துவச் சோதனைக்காக விண்ணப்பத்தின் நகலை எடுத்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கற்ற முறை: வகுப்பறை. ஞானசிகாமணி சாரின் கடிதம் இருந்தது. அவள் தாள் இல்லை.

"நான் எழுதுன தாள் எங்க?"

"அனுப்பல."

"ஏன் அனுப்பல?"

"அந்த மேனேஜர் சொன்னதுக்கே நீ ரெண்டு நாளு சாப்பிடல. இன்னொரு நாட்டுக்காரன் வாயாலயும் அதைக் கேக்கணுமா? தொண்ணூத்தாறு நாளு பஸ் ஏத்தி விட்டவன் நான். நீ கிளாஸ்ல படிக்கலைன்னு எவன் சொல்லுவான்?"

மறுநாள் காலை, அவன் பால் வாங்கப் போன நேரத்தில், நடந்ததைச் சொல்லி அந்த அலுவலகத்துக்கு எழுதினாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தானாகச் சொன்னதால் தண்டனை எதுவும் இல்லை, திருத்திய புள்ளி அறுபத்தொன்று, அனுமதி ரத்து. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் அவளுக்கு நாற்பது நிறைந்திருந்தது. இனி வயதுக்கு உரிய புள்ளியும் குறையும்.

சுடலைமுத்து கடிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மேஜைமேல் வைத்தான். கோபப்படவில்லை.

"அனுப்புததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"



ஆசிரியர் கண்டதை மட்டும் எழுதினார். கணவன் மனைவிக்காக ஒரு தாளை மறைத்தான். மனைவி உண்மையைச் சொல்லி, கைக்கு வந்ததை இழந்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: ஆசிரியரிடம் குற்றம் இல்லை. அவள் சாட்சி கேட்டாள், அவர் கண்டதைச் சொன்னார். சுடலைமுத்து பொய் சொன்னது பாசத்தால்தான். ஆனால் 'வகுப்பறை' என்று குறித்த அந்த நொடியில், அவள் படிப்பு வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்று அவனும் ஒத்துக்கொண்டான். படித்தது தொலைதூரக் கல்விதான் என்று கூச்சமில்லாமல் கைப்பட எழுதியவள் முப்பிடாதி ஒருத்திதான். எனவே அவள் அந்த அலுவலகத்துக்கு எழுதியது சரி. அவனிடம் சொல்லாமல் எழுதியது சரியில்லை. வேலையை விட்டுவிட்டு நின்றவன் அவன். அறுபத்தொன்று என்று கணக்குப் போட்டவர்களுக்கு அவள் இனிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவன் கேட்ட கேள்விக்குச் சொல்லியாக வேண்டும்.