தண்ணீர் போகாத தாமரை

"எத்தனை குடம் ஊத்தினாலும் அந்தத் தாமரை மட்டும் நனைய மாட்டேங்குதடி!"

அரண்மனை முற்றம் கழுவும் அங்காயி தன் தோழியிடம் அலுத்துக்கொண்டது, தூணோரம் கவலையோடு நின்ற மந்திரி இளநாகனார் காதில் விழுந்தது. அவர் கவலைக்குக் காரணம் இருந்தது.

பூம்பொழில் நாட்டை ஆண்ட மகுடவர்மனுக்குச் சுற்றுவழிப் புதிர் என்றால் உயிர். சுவரில் ஓவியமா, புதிர்ப்பாதை. கூத்தா, கோட்டைக்குள் வழி தவறிய வீரன் கதை. முறுக்குகூட நுனி தெரியாமல் சுற்றியிருந்தால்தான் தின்பார். இதைக் கண்ட, மந்திரி பதவி மீது கண் வைத்திருந்த சபைப் பிரபு மழவராயர், முற்றத்துக் கல்லில் வாய்க்கால் வாய்க்காலாக ஒரு பெரிய புதிரை வெட்டச் செய்தார். நடுவே ஒரு தாமரை.

"அறிவுள்ளவன் விரல் வாசலில் புறப்பட்டுத் தாமரையைத் தொடும். மூடனுக்கு வழி தெரியாது" என்றார்.

சபையில் ஒவ்வொருவராகப் போய் விரலால் தடவிவிட்டு, "தொட்டுவிட்டேன்!" என்று மார்தட்டினார்கள். இளநாகனார் ஒருவர்தான், "எனக்கு வழி அகப்படவில்லை அரசே" என்றார்.

"மூடருக்கு மந்திரி முத்திரை எதற்கு? என்னிடம் கொடுக்கட்டுமே!" என்றார் மழவராயர். வழியைக் கண்டுபிடிக்க மறுநாள் உச்சிவரை அரசர் தவணை கொடுத்தார்.

உச்சிப்பொழுதில் அங்காயியை நான்கு குடம் தண்ணீரோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார் மந்திரி.

"என்ன அமைச்சரே, குளிக்க வந்தீரா?" என்று மழவராயர் கேட்க, சபை கொல்லென்று சிரித்தது.

"எனக்குப் பதில் தண்ணீர் வழி தேடும். அது நுழையாத சந்து உண்டா? ஊற்றம்மா!"

அங்காயி வாசலில் ஊற்றினாள். தண்ணீர் வளைந்தது, திரும்பியது, எல்லாச் சந்துகளையும் நிரப்பியது. தாமரை மட்டும் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் ஒரு விரற்கடைக் கல், வழியே விடாமல் மறித்திருந்தது.

"தண்ணீருக்கு அறிவேது?" என்று சீறினார் மழவராயர்.

"அதனால்தான் ஐயா, அது தொட்டுவிட்டேன் என்று பொய் சொல்லவில்லை" என்றார் மந்திரி.

சபையில் தலைகள் குனிந்தன. அரசருக்கோ தொப்பை குலுங்கச் சிரிப்பு.

"நானும் தொட்டதாகத்தானே சொன்னேன்! மந்திரியாரே, முத்திரை உம்மிடமே இருக்கட்டும். அங்காயி, இந்தா" என்று முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். "மழவராயரே, நீர் வெட்டிய வழியில் நீர் ஒருநாளாவது விரல் வைத்துப் பார்த்தீரா? யாரங்கே, உளி கொண்டு வா! தாமரைக்கு வழியை இவரே வெட்டட்டும்!"

உளி வந்தது. மழவராயர் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கல்லில் மண்டியிட்டார்.