ஏற்றத்தில் கேட்ட சத்தம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில் தனக்கொடியின் பட்டறை இருந்தது. பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியில், சுமையை நகராமல் கட்டுவதற்கான கொக்கிகளைப் பொருத்துவது அவள் தொழில். மலைக்குப் போகும் டிரைவர்கள் அவளை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த இருதயராஜ் அவளைவிட வயதில் மூத்தவன். அவனுடைய மச்சான் பைக்கில் ஒரு லாரிக்குப் பின்னால் மலை ஏறிக்கொண்டிருந்தபோது, லாரியின் கொக்கி தகரத்தோடு பிய்ந்து இரும்புக் குழாய்கள் அவர்மேல் சரிந்தன. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்து, ஆமாம் இவர்தான் என்று சொன்னவன் இருதயராஜ். அடக்கம் முடிந்த சில நாளில் பட்டறை வாசலில் வந்து நின்றான். கொக்கி பிய்யாமல் எப்படிப் பொருத்துவது என்று சொல்லிக் கொடுங்கள் என்றான். தனக்கொடி வேறெதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டாள்.

வேலை சீக்கிரம் பிடிபட்டது. பயம்தான் விடவில்லை. வாசலைத் தாண்டும் வண்டியை ஓடிப்போய் நிறுத்தி, கொக்கியை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பான். சாயங்காலம் டிரைவருக்கு போன் போடுவான்.

"போய்ச் சேந்துட்டீங்களா?"

"சேந்தாச்சுங்க. சாப்பிட விடுங்க."

ஒரு நாள் காலையில் நசீர் என்ற டிரைவர் புது பிக்கப்போடு வந்தான். மலைமேல் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும். தொட்டியில் ஒரு கொக்கிகூட இல்லை.

இருதயராஜ் வண்டிக்கு அடியில் படுத்தான். தொட்டியின் தகரம் மெல்லிசு. அதை நம்பாமல், கீழே குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம்வரை துளை போட்டு, கனத்த இரும்புப் பட்டையைத் தாங்கலாக வைத்து, போல்ட்டை முறுக்கினான். பிறகு கடப்பாரையைக் கொக்கியில் மாட்டி, உடம்பு முழுவதையும் கொடுத்து நெம்பினான். வண்டிதான் அசைந்தது.

கிரேன் ஜெனரேட்டரைத் தொட்டியில் இறக்கியது. கொக்கிகளில் நைலான் பெல்ட்டை மாட்டிக் கட்டியது தனக்கொடி. நசீரிடம் அவன் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே கட்டினாள். கை அதுபாட்டுக்குப் போய் வந்தது.

இருதயராஜ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"இதோட பின்னாடி யாராவது வருவாங்கல்ல. நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. எனக்கு இந்தப் பயம் எப்பப் போகும்?"

தனக்கொடி கடைசிப் பெல்ட்டை இறுக்கினாள்.

"வண்டியில ஏறுங்க," என்றாள். "நானும் வர்றேன்."

நசீர் ஓட்டினான். தனக்கொடி நடுவில் உட்கார்ந்தாள். இருதயராஜ் ஜன்னலோரம்.

சமதளம் முடிந்து ஏற்றம் தொடங்கியது. வண்டி மூக்கைத் தூக்கியது. பின்னால் இருக்கும் கனம் முழுக்கத் தன் முதுகைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது இருதயராஜுக்கு. முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த வளைவில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

ஒரு பள்ளிக்கூட வேன் ஒட்டினாற்போல் வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி. மடியில் சாப்பாட்டுப் பை.

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னான்.

"நசீர், வேனுக்கு வழி விடுங்க."

"இங்க எங்கீங்க விடறது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்."

வண்டி திரும்பியது. பின்னால் டக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்.

"என்ன அது?"

"ஜாக்கியா இருக்கும்," என்றான் நசீர்.

இருதயராஜ் பின்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டான். அடுத்த குலுக்கலில் மறுபடியும் அதே சத்தம். கண்ணாடியில் அந்தச் சிறுமி எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, சத்தம் கேட்டுச்சுங்களா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்கண்ணா."

"நிறுத்துங்க."

"ஏத்தத்துல நிறுத்துனா வண்டி பின்னாடி எறங்குமுங்க," என்றான் நசீர். "கொக்கி போட்டது நீங்க, கட்டுனது மேஸ்திரி. அப்புறம் என்ன?"

இருதயராஜ் கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

"நிறுத்துங்க. இல்லைன்னா நான் குதிச்சிர்றேன்."

நசீர் தனக்கொடியின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். வளைவு தாண்டி, சாலை சற்று அகன்ற இடத்தில் வண்டி ஒதுங்கியது. ஹாரன் அடித்தபடி வேன் அவர்களைக் கடந்து மேலே போனது. இருதயராஜ் இறங்கி முதலில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தான். பிறகு தொட்டியில் ஏறினான்.

கொக்கிகள் இம்மியும் நகரவில்லை.

முன்பக்கப் பெல்ட்டைத் தொட்டான். தளர்ந்திருந்தது; குலுங்கும்போதெல்லாம் ஜெனரேட்டர் அசைந்து இடித்த சத்தம்தான் அது. விரலால் தடவிக்கொண்டே போனான். ஜெனரேட்டர் சட்டத்தின் கூரான விளிம்பில் அது உரசி, பாதிக்குமேல் அறுந்திருந்தது. மிச்சமிருந்த நூல்கள் பிசிறு பிசிறாக விறைத்து நின்றன.

நசீர் எட்டிப் பார்த்தான். சாலையை, வேன் போன திசையைப் பார்த்தான். பிறகு போய்ப் பாறையோரம் உட்கார்ந்துவிட்டான்.

தனக்கொடி அந்தப் பெல்ட்டைக் கையில் எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் கட்டியது. பெல்ட் உரசாமல் விளிம்பில் மெத்தை வைக்க அவள் கை மறந்திருந்தது.

மாற்றுப் பெல்ட்டை எடுத்து வந்து, பழைய டயர்த் துண்டு ஒன்றை விளிம்புக்கு மெத்தையாக வைத்து, இருதயராஜ் கட்டினான். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் குனிந்து பார்த்தான்.

முடிந்ததும் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு மேஸ்திரி. காலைல கேட்டேன். நீங்க பதில் சொல்லல. இது எப்பத்தான் போகும்?"

தனக்கொடி மேலே ஏறும் சாலையைப் பார்த்தாள்.

"எனக்குப் போயிருச்சுங்கண்ணா. அதுனாலதான் உங்களப் பக்கத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன்."