கரை உடைந்த நாள்

பூவானூர் ஊர்ச்சபைத் தலைவர் கோதண்டத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. எப்படி இறங்கும்? தலைநகரிலிருந்து வந்திருந்த உத்தரவு அந்த மாதிரி. இனி விடுமுறை நாட்களை அரண்மனைதான் அறிவிக்கும். எந்த ஊர்ச்சபையாவது தன் இஷ்டத்துக்கு விடுமுறை விட்டால் சபையைக் கலைத்துவிட்டுத் தலைவரைச் சிறையில் போடுவார்கள்.

அந்த ஊர் தனக்கென்று வைத்துக்கொண்டதே ஒரே ஒரு விடுமுறை. ஐப்பசியில், ஏரிக்கரை உடைந்த நாள். அன்றைக்குத் தறி ஓடாது, கடை திறக்காது. வீட்டுக்கு ஒருவர் கூடை மண்ணோடு கரைக்குப் போவார்கள். உடைப்பை அடைக்க இறங்கித் திரும்பி வராதவர்களின் பெயரைச் சொல்லி மண்ணைக் கொட்டிவிட்டு வருவார்கள். கோதண்டம் சொல்லும் பெயர் மாசிலாமணி. அவருடைய கூடப்பிறந்த தம்பி.

உத்தரவோடு வந்த அதிகாரி நல்ல மனுஷர், அதுதான் வம்பாகப் போயிற்று. அடுத்த மாதம் மகாராஜாவின் பிறந்தநாள் வருகிறது, எல்லா ஊருக்கும் விடுமுறை, உங்கள் மண்ணையும் அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்களேன், யார் கேட்கப் போகிறார்கள் என்று தோளில் கை போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். கோதண்டத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் விடிந்தால் கரை உடைந்த நாள். விடுமுறை உண்டா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் தண்டோரா போட்டாக வேண்டும். அவருக்கு இரண்டில் எதைச் சொல்லவும் வாய் வரவில்லை. மடத்துக்கு ஓடினார்.

மடத்தின் குரு உமையாள் அவரைவிட இளையவர். உபதேசம் வாங்கிய நாளிலிருந்து கோதண்டம் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். உமையாள் அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அதிகாரியின் யோசனையையும் கேட்டார்.

"நமக்கு அதிகாரம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கம்மா."

உமையாள் கையை நிறுத்தினார். "கரை உடைஞ்சப்போ என்ன பண்ணீங்க?"

அவருக்குத் தெரியாத கதையா? இருந்தும் கேட்டார். கோதண்டமும் சொன்னார். குதிரையில் ஆள் அனுப்பியதை, படகு கொடுங்கள், ஆள் கொடுங்கள் என்று அரண்மனை வாசலில் கெஞ்ச வைத்ததை, எப்படியும் உதவி வரும் என்று தம்பியைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்ததை.

"என்ன பதில் வந்தது?"

கோதண்டத்துக்கு வந்தது அழுகை இல்லை. கோபம். இத்தனை வருஷமும் வராத கோபம் இப்போதுதான் வந்தது.

"உங்க ஊர் விவகாரத்தை நீங்களே பார்த்துக்குங்கன்னு சொல்லி அனுப்பினாங்கம்மா. அதைக் கேட்டதும் தம்பி என் கையை உதறிட்டுக் குதிச்சான்."

"போய்த் தண்டோரா போடச் சொல்லுங்க, தலைவரே. யாராவது கேட்டா, அரண்மனை உத்தரவுப்படிதான் விடுமுறைன்னு சொல்லுங்க. அன்னைக்குக் கொடுத்த அந்த உத்தரவை அவங்க இன்னும் ரத்து பண்ணலை."