மாலை போட்ட மூன்றாம் டிஸ்க்

ஒரு கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் ஐந்து டிஸ்குகள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்ற நான்கும் சேர்ந்து அதன் வேலையையும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றும் பழுதானால் நோயாளிகளின் பதிவுகள் அத்தனையும் அழிந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் செண்பகவல்லி, வாரச் சோதனையில் மூன்றாம் டிஸ்கில் பழுதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டாள். நிர்வாகி மாசிலாமணியிடம் போய்ச் சொன்னாள்.

“அதான் நாலு ஓடுதில்ல? புதுசு எதுக்கு? பதிவு போச்சுன்னா உன் வேலையும் போகும், பார்த்துக்கோ” என்றார் அவர்.

மூன்று மாதம் ஆயிற்று. ஆய்வு அதிகாரி வரும் நாளன்று மாசிலாமணி அவளைக் கூப்பிட்டார்.

“அந்தச் சிவப்பு லைட் அவர் கண்ணுல படக் கூடாது. எதையாவது வச்சு மறை. நீ வாயே திறக்கக் கூடாது.”

“சரிங்க சார்.”

அதிகாரி மாசிலாமணியோடு வந்து பார்த்தார். மூன்றாம் டிஸ்கின் விளக்கின்மேல் பெரிய குங்குமப் பொட்டு இருந்தது. இறந்தவர் படத்துக்குப் போடுவதுபோல ஒரு மல்லிகை மாலையும் தொங்கியது. மற்ற நான்கு டிஸ்குகளிலும் ஒன்றுமில்லை.

“எப்பம்மா தவறினார்?” என்று கேட்டார் அதிகாரி.

செண்பகவல்லி பேசாமல் மூன்று விரல்களைக் காட்டினாள்.

“மூணு நாளா?”

இல்லையென்று தலையாட்டினாள்.

“மூணு மாசமா!”

ஆமென்று தலையசைத்தாள்.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “புது டிஸ்க் வர்ற வரைக்கும் நான் இந்தத் துக்க வீட்டைவிட்டுக் கிளம்பறதா இல்லை, மாசிலாமணி.”

சாயங்காலத்துக்குள் புது டிஸ்க் வந்துவிட்டது. அதிகாரி போனதும் மாசிலாமணி கத்தினார்: “உன்னை என்ன செய்யச் சொன்னேன்?”

“லைட்டை மறைக்கச் சொன்னீங்க, மறைச்சேன். வாயையும் இப்பத்தான் சார் திறக்கறேன்.”