ஞாயிற்றுக்கிழமைக் கன்று

கடல் தாண்டி வந்தவர்கள் அவர்கள். சொந்த நாட்டில் ராஜாவின் ஆட்கள், இப்படித்தான் முழங்கால் போட வேண்டும், இப்படித்தான் ஜெபம் பண்ண வேண்டும் என்று பிடுங்கி எடுத்தார்களாம். பொறுக்க முடியாமல் கப்பலேறி அமெரிக்கக் கரையில் வந்து இறங்கினார்கள். காட்டை வெட்டினார்கள், சபைக் கூடம் கட்டினார்கள், கையோடு மற்றவர்களைப் பிடுங்கி எடுக்க ஆரம்பித்தார்கள். பட்ட வலி இவ்வளவு சீக்கிரமா மறந்துபோகும் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த ஊரில் ஒரு கணக்கு இருந்தது. குழந்தை எந்தக் கிழமை பிறக்கிறதோ, அதே கிழமையில்தான் கருவாகியிருக்கும் என்பது கணக்கு. எவன் கண்டுபிடித்தானோ தெரியாது. அதன்படி, ஞாயிற்றுக்கிழமை குழந்தை பிறந்தால் தாயும் தகப்பனும் கர்த்தருடைய ஓய்வுநாளைக் கெடுத்தவர்கள். சபைக்கு முன்னால் முக்காலியில் ஏறி நின்று, பாவம் செய்தோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம். நாலு சுவருக்குள் நடந்ததை ஊரே உட்கார்ந்து கேட்கும். வெட்கங்கெட்ட வேலை.

சைலன்ஸ் என்று ஒரு பெண் அங்கே இருந்தாள். மௌனம் என்று அர்த்தம். பெண் பிள்ளைக்கு அப்படியும் பேர் வைக்கிற ஊர் அது. அவள் புருஷன் யாபேஸ் பனிக்காலத் தொடக்கத்தில் மீன்பிடிக்கப் போய்ப் படகோடு முழுகிப் போனான். உடல் கரை சேரவில்லை. அவன் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை, போதாத காலம், ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அதற்கு நெஞ்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, பனியில் நடந்து போதகர் ஏனோக்கின் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தவன் அவருடைய சீடன் கமாலியேல். முன்பு பள்ளிக்கூட வாத்தியார். போதகராக வேண்டும் என்று, மனைவி மகனோடு ஏனோக்கின் வீட்டிலேயே தங்கி வேதம் படித்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைக்கு முடியல, வாத்தியாரய்யா. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல தாங்குமான்னு தெரியல."

"முக்காலியில ஏறிச் சொல்லிட்டா கொடுத்துடலாம்."

"என்னத்தைச் சொல்ல?"

"நீயும் உன் புருஷனும் ஓய்வுநாளைக் கெடுத்தீங்கன்னு."

"கெடுக்கலையே. சனிக்கிழமை பொழுது சாஞ்சாலே ஓய்வுநாள் தொடங்கிடுச்சுன்னு, அவர் என்னை அடுப்பைக் கூட ஊத விடமாட்டார்."

"பிறந்த கிழமை பொய் சொல்லாது."

சைலன்ஸ் அவனையே பார்த்தாள். "அவர் கடலுக்கடியில கிடக்கிறார். எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல முடியாது. அவர் மேல நான் பொய்ப்பழி போடணும். அப்படிப் போட்டாத்தான் என் பிள்ளைக்கு ஞானஸ்நானமா?"

"என் மகன் செவ்வாய்க்கிழமை பிறந்தான்," என்றான் கமாலியேல். "கட்டுப்பாடா இருந்தா எல்லாராலயும் முடியும்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தாயிடம் பேசுகிற பேச்சா இது? அந்த வாயை என்ன செய்தால் தகும்?

உள்ளே வந்து, பாதியில் விட்ட கிண்ணத்தின் முன் மறுபடி உட்கார்ந்தான். எதிரே ஏனோக்கு இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"நான் சொன்னது சரிதானே ஐயா?"

"கிண்ணத்துல என்ன?"

"சீம்பால் ஐயா. நம்ம செவலைப் பசு நேத்து ஈன்றுச்சே. நம்ம வீட்டம்மா காய்ச்சி, சபை மூப்பர்மார் வீட்டுக்கெல்லாம் ஒரு செம்பு கொடுத்தனுப்பினாங்க."

"நேத்து என்ன கிழமை?"

கமாலியேலின் கரண்டி நின்றது.

"ஐயா, அது மாடு."

"ஓய்வுநாள் கட்டளையில மாடு இல்லையா?"

இருந்தது. வேலைக்காரன் பேரோடு மிருகத்தின் பேரும் அதில் இருந்தது. அவனுக்கு மனப்பாடம்.

"கிண்ணத்தைக் கீழ வை," என்றார் ஏனோக்கு. கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். அப்போது மிகவும் தாழ்ந்திருந்தது. "அந்தப் பசு இன்னும் பாவ அறிக்கை பண்ணல."

அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, பனியில் அவள் போன தடத்தைப் பார்த்துக்கொண்டே சைலன்ஸின் வீட்டுக்குப் போனார்.

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோட கூட்டத்துக்கு வாம்மா."

"முக்காலியில ஏறவா?"

"ஏற வேண்டாம். பக்கத்துல நின்னா போதும். உனக்கு ஒரு துணை வரும்."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. கணப்பு கிடையாது. மூச்சு விட்டால் புகை வரும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் மூப்பர்கள். சைலன்ஸ் குழந்தையோடு முக்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. ஏனோக்கு செவலைப் பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுவழியில் வந்தார். பின்னால் கன்று தள்ளாடி வந்தது. பசு பாதி வழியில் நின்று, சாவகாசமாகச் சாணி போட்டுவிட்டு மறுபடி நடந்தது. ஏனோக்கு அதை முக்காலியின் அந்தப் பக்கம் நிறுத்தினார்.

மூத்த மூப்பர் பினெகாஸ் எழுந்தார். "போதகரே, இது என்ன கூத்து?"

"பாவ அறிக்கை. இவளும் ஞாயிற்றுக்கிழமை ஈன்றவதான். முக்காலியில ஏத்த முடியாது. கீழே நிக்கட்டும்."

"தேவனுடைய வீட்டுல பரிகாசம் பண்றீரா?"

"நீங்க போட்ட கணக்கைக் கடைசி வரைக்கும் போட்டுப் பார்க்கிறேன். வேற ஒண்ணும் பண்ணல."

"அது வாயில்லா ஜீவன். அதுக்கு என்ன தெரியும்?"

ஏனோக்கு கையை நீட்டினார். சைலன்ஸ் குழந்தையைக் கொடுத்தாள். அவர் அதைப் பினெகாஸின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுக்கு என்ன தெரியும்?"

குழந்தையின் இழுப்புச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"திங்கட்கிழமை வந்த சீம்பாலைச் சாப்பிட்டீங்களா, மூப்பரே?"

பினெகாஸ் தாடியைத் தடவினார். "சாப்பிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

பெண்கள் பக்கம் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை ஈன்ற பசுவோட பால் இனிக்குது. பிள்ளை மட்டும் கசக்குது," என்றார் ஏனோக்கு. பிறகு சைலன்ஸின் பக்கம் திரும்பினார். "இவங்ககிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?"

"சொல்லணும்," என்றாள் அவள். "என் புருஷன் நல்லவர். என் அறிக்கை அவ்வளவுதான்."

பாத்திரத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. ஏனோக்கு விரல் முட்டியால் பனிக்கட்டியைத் தட்டி உடைத்து, தண்ணீரை உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்துச் சூடாக்கிக் குழந்தையின் தலையில் விட்டார். தகப்பன் பேரையே வைத்தார். யாபேஸ்.

அதற்குள் பினெகாஸ் எழுந்து வெளியே போயிருந்தார். பாதி ஆண்கள் அவர் பின்னால் போனார்கள். அடுத்த வாரமே சபை கூடிப் போதகரை நீக்கப் போவதாக வாசலிலேயே பேச்சு எழுந்தது. பசு இருந்த இடத்திலேயே நின்று கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஏனோக்கு பசுவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கமாலியேல் கன்றை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

"உங்களை நீக்கிடுவாங்க ஐயா."

"நீக்கட்டும்."

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அந்தக் கணக்கு தப்பாவே இருக்கட்டும். ஆனா ஒருவேளை அவ பொய் சொல்லியிருந்தா? ஏதோ ஒரு ஓய்வுநாள்ல அவங்க நிஜமாவே பாவம் பண்ணியிருந்தா?"

"அப்போ ஒரு பாவியோட பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பேன்."

"அது தப்பில்லையா ஐயா?"

ஏனோக்கு நின்றார். பசுவின் கயிற்றை அவன் கையில் கொடுத்தார்.

"உன் மகனுக்கும் நான்தானே கொடுத்தேன்," என்றார். "செவ்வாய்க்கிழமை பிறந்தவனுக்கு. அன்னைக்கு உன்னை நான் ஏதாவது கேட்டேனா?"