நான்கும் பச்சை

அந்த மருத்துவமனையில் விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, அறை தயாராக வேண்டும் என்று எது வந்தாலும் துரைக்கண்ணுவின் மேசைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருஷம் போனிலேயே ஆளாளுக்குச் சொல்லி வேலையை முடித்தவர். இப்போது எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்க வந்த நஸ்ரினுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் குரு குருதானே, எழுந்து நின்றுதான் ‘மேடம்’ என்பார்.

ஒரு மாதம் மல்லுக்கட்டி அவர் கணினியில் ஒரு விதி எழுதியிருந்தார். ‘அறை தயார் செய்க’ என்று ஒரு டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, வந்தால் போதும். அதோடு சேர்ந்த நான்கு வேலைகள் தாமாகவே உருவாகி ஆக்சிஜன்காரர், எலக்ட்ரீஷியன், துப்புரவு, படுக்கை விரிப்பு என நான்கு பேரின் செல்போனுக்கும் போய்விடும். நான்கும் முடிந்ததும் முதல் டிக்கெட் தானே மூடிக்கொண்டு, நோயாளியை அழைத்து வரலாம் என்று வார்டுக்குச் செய்தி சொல்லும். யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

இன்று அதற்கு முதல் சோதனை. மூச்சுத்திணறலோடு வந்திருந்த ஒரு பெரியவருக்கு நான்கு மணிக்குள் ஏழாம் எண் அறை வேண்டும். டிக்கெட் வந்ததிலிருந்து துரைக்கண்ணு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

“இந்தப் பயம் எப்ப மேடம் போகும்?”

“ஏழாம் நம்பர் ரூம் முடியட்டும்ணே. சொல்றேன்.”

மூன்றே முக்காலுக்கு, வேலை முடிந்தது என்று திரையில் நான்கும் பச்சையாகின. டிக்கெட் மூடியது, வார்டுக்குச் செய்தியும் போயிற்று. நன்றாக வந்திருக்கிறது என்றாள் நஸ்ரின். அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், திரையை மறுபடி பார்த்தார்.

“முன்னாடி போன்ல சொல்லுவீங்கல்ல. நாலு பேரும் முடிச்சாச்சுன்னு சொன்னப்புறம் என்ன பண்ணுவீங்க?”

“அந்த ரூம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வருவேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான் மேடம். மனசு கேக்காது.”

“இப்ப கேக்குதா?”

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியேறினார்.

ஏழாம் எண் அறையில் தரை துடைத்திருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அதன்மேல், தலையணை உட்பட, சுவர்ப் பொடி அப்பிக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் கடைசியாக வந்து, கட்டிலுக்கு மேலே துளை போட்டுப் புது பிளக் வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரும் வேலையில் குறை வைக்கவில்லை. போன் காலத்தில் துரைக்கண்ணு எலக்ட்ரீஷியன் இறங்கிய பிறகுதான் துப்புரவுக்கே சொல்வார். அந்த வரிசையும் ஒரு வேலை என்று அவருக்கே தெரியாததால் விதியில் எழுதவில்லை.

லிஃப்ட் திறந்தது. தள்ளுவண்டியில் பெரியவர் வந்துகொண்டிருந்தார். முகமூடிக்குள் அவர் ஒவ்வொரு மூச்சுக்கும் படும் பாடு வாசல்வரை கேட்டது. துரைக்கண்ணு இரண்டு கைகளாலும் வாசலை மறித்துக்கொண்டு பத்து நிமிஷம் மட்டும் கொடுங்கள் என்று நர்ஸிடம் கெஞ்சினார். சிலிண்டரோடு வண்டி வராந்தாவிலேயே நின்றது. பழையபடி போனை எடுத்துத் துப்புரவுக்கும் விரிப்புக்கும் பேசினார். அவர்கள் வருமுன் தானே பொடியோடு விரிப்பைச் சுருட்டினார். பெரியவரைப் படுக்க வைத்ததைப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

கையில் வெள்ளைப் பொடியோடு உட்கார்ந்து, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது பிறக்கும்படி விதியைத் திருத்தினார். நஸ்ரின் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

“சரியாயிருச்சா மேடம்?”

“சரியா இருக்குண்ணே.”

“அப்ப இனிமேலாவது இந்தப் பயம் போயிரும்ல?”

நஸ்ரின் அவருடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இன்னைக்கு உங்களைப் படியேற வச்சதே அந்தப் பயம்தாண்ணே. போனா அன்னைக்கே சொல்லுங்க. இந்த ரூலை நான் நிறுத்திடறேன்.”